பிள்ளை மடுவத்துக் குதிரை

வயதைச் சொல்லி யாராவது உதட்டைப் பிதுக்கினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது மனுஷியின் வயதானாலும் சரி, குதிரையின் வயதானாலும் சரி. காரணம் இருக்கிறது. முப்பத்தாறு வயதில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. பிள்ளை உண்டானதும் கிளினிக்கில் என் அட்டையின் மேல் மூலையில் சிவப்பு மையில் ‘வயது கூடிய தாய்’ என்று எழுதிவிட்டார்கள். மாதாமாதம் அந்த அட்டையோடு வரிசையில் நிற்பேன். பக்கத்தில் இருக்கும் சின்னப் பெண்கள் அதை எட்டிப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுப்பார்கள். உட்கார இடம் கிடைத்தது நல்லதுதான், ஆனாலும் பற்றிக்கொண்டு வரும். முப்பத்தெட்டில் மகள் பிறந்தாள், கொழுகொழுவென்று. அன்றைக்கே அட்டையை அடுப்பில் போட்டிருப்பேன். தடுப்பூசிக்கு வேண்டும் என்று வீட்டுக்காரர் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

நான் குடியிருப்பது லயத்தில், வேலை செய்வது லாயத்தில். லயம் என்றால் தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகள். லாயம் என்றால் குதிரை கட்டுகிற இடம். எழுத்தில் ஒரு கால்தான் வித்தியாசம், நடந்தால் இரண்டு மைல். வேலை வாங்கும் கங்காணி என்னை ‘ஏய்’ என்று கூப்பிட்டதற்காகக் கொழுந்துக் கூடையை அவர் காலடியில் கவிழ்த்துவிட்டு மலையை விட்டு இறங்கியவள் நான். அதன் பிறகு நுவரெலியா டவுனுக்கு வெளியே ஐயாவின் குதிரைகளுக்குப் புல் அறுக்கப் போனேன். புல் அறுக்கப் போனவள் லாயத்தைக் கூட்டினேன், குதிரைகளைத் தேய்த்துவிட்டேன், கடைசியில் அவற்றின் பேச்சும் புரிந்துவிட்டது.

ஐயா சிங்களவர். ஒண்டியாள். தோட்டத்து ஆட்களோடு பழகி எங்களைப் போலவே தமிழ் பேசுவார். அவரிடம் நாலைந்து மட்டக் குதிரைகள் இருந்தன, ஏரிக்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்வர. அவை தவிர ஒரு பெரிய பெட்டைக் குதிரை இருந்தது. செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளை. ஒரு காலத்தில் ரேஸ் ஓடியவள். பத்து வயதில் ஒரு குட்டி போட்டாள், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தூங்கினாள். அவ்வளவு பாரத்தை அசையாமல் தாங்கிக்கொண்டு நின்றேன். அன்றோடு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டோம்.

அவளுக்குப் பத்தொன்பது ஆனபோது ஐயா என்னைக் கூப்பிட்டார். என்னை நேரே பார்க்காமல் வேலிக் கம்பைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“இந்தா புள்ள, தீனி போட்டு வச்சிருக்க இனி என்னால முடியாது. கடற்கரைப் பக்கம் ஒருத்தன் கேக்குறான். கல்யாண ஊர்வலத்துக்கு, வெள்ளக்காரங்கள மணல்ல ஏத்திட்டுப் போக.”

“அந்த வெக்கையில இவ ஒரு மாசம் தாங்க மாட்டாளுங்க ஐயா. குளிர்லயே வளந்தவ.”

“எனக்கு மட்டும் ஆசையா? இவ வம்சத்துல ஒரு குட்டி இருந்தா வச்சுக்குவேன். குட்டிக்காகத் தாயையும் வச்சுக்குவேன். ஆனா வயசு போயிருச்சே.”

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு எங்கேயோ எரிந்தது. “யாருக்குங்க வயசு போயிருச்சு? டொக்டர் நோனாவ வந்து பாக்கச் சொல்லுங்க. அவங்க சொல்லட்டும்” என்றேன். ஐயா என் முகத்தைப் பார்த்தார், வாதாடிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டார். இந்த வருஷம் மட்டும் முயன்று பார்ப்பது, சினை பிடிக்காவிட்டால் அவளைக் கடற்கரைக்கு அனுப்பிவிடுவது என்று பேச்சு முடிந்தது.

மிருக வைத்தியம் பார்க்கும் டொக்டர் அம்மாவைத்தான் எங்கள் பக்கத்தில் டொக்டர் நோனா என்போம். சின்ன வயதுக்காரி. தோள் வரைக்கும் உறையை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். குதிரை திரும்பி என்னைப் பார்த்தது. கிளினிக்கில் எனக்கு அப்படிப் பார்க்க ஆள் இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

“அக்கா, கஷ்டம்தான்” என்றாள் டொக்டர், தனக்குத் தெரிந்த தமிழில். “முட்டை புதுசா உண்டாகாது. பொறக்கும்போதே உள்ள இருக்கிறதுதான். குதிரைக்குப் பத்தொன்பது வயசுன்னா அந்த முட்டைக்கும் பத்தொன்பது.”

“மனுஷங்களுக்கு எப்புடிங்க நோனா?”

“எங்களுக்கும் அப்படித்தான்.”

“அப்ப என் மகளுக்கும் எனக்கும் ஒரே வயசு போலிருக்கே!” என்றேன். டொக்டர் சிரித்த சிரிப்பில் குதிரைக்கே காது நிமிர்ந்தது.

சிரித்து முடித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். பதினைந்தைத் தாண்டினால் சினை பிடிப்பது குறையும், இருபதை நெருங்கினால் இன்னும் குறையும், பிடித்தாலும் ஆரம்பத்திலேயே கரைந்து போகலாம். வயதான குதிரையின் கர்ப்பப்பைக்கு ஆண் குதிரை சேர்ந்த பிறகு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளத் தெம்பு இருக்காது, அதனால் அதைக் கழுவிவிட வேண்டும். ஆனால் இவள் ஒரு தடவை பெற்றவள். இதே வயதில் முதல் குட்டிக்கு நிற்கிறவளைவிட இவளுக்கு வாய்ப்பு அதிகம். “கொறையும்னா இல்லைன்னு அர்த்தமில்லை அக்கா. நாள் தவறாமப் பிடிக்கணும். அது உங்க வேலை” என்றாள்.

அந்த வேலை எனக்குப் புதிது. மாடு பருவத்துக்கு வந்தால் லயமே தூங்க முடியாது, அப்படிக் கத்தும். குதிரை அப்படியில்லை, வாயே திறக்காது. ஒவ்வொரு நாளும் ரேஸ்கோஸ் மைதானப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குதிரையைக் கொண்டுவந்து வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்துவோம். ஆறு வயது வெள்ளைக் குதிரை. அதன் பவுசைப் பார்க்க வேண்டுமே! கழுத்தை வளைத்துக்கொண்டு, மூக்கை விடைத்துக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி வரும். இவள் காதைப் பின்னால் மடித்து, பின்னங்காலைத் தூக்கி வேலிக் கம்பில் ஒன்று வைப்பாள். மாப்பிள்ளை நாலடி தள்ளிப் போய் நிற்கும். இப்படியே பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் பார்த்தால், வேலியோரம் போய் வாலைத் தூக்கிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, ஒன்றும் தெரியாதவள் போல நிற்கிறாள்.

“ஐயா, நம்ம ஆளு மசிஞ்சிட்டாங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் ஐயா தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடி வந்தார்.

முதல் தடவை தங்கவில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே இடத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து ரொட்டி சுட்டேன். எல்லா ரொட்டியும் கருகின. வீட்டுக்காரர் கருகலைச் சுரண்டிச் சுரண்டித் தின்றார். அவர் என்னைவிட நாலு வயது இளையவர். கோபத்தில் இருக்கிறவளோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று நன்றாகப் படித்திருக்கிறார்.

இரண்டாம் தடவை சேர்த்த பதினாறாம் நாள் டொக்டர் நோனா ஸ்கேன் பெட்டியைக் கொண்டுவந்தாள். சாம்பல் நிறத்தில் மழை பெய்கிற மாதிரி இருந்த அந்தத் திரையின் நடுவே ஒரு கறுப்பு வட்டம், சாந்துப் பொட்டு அளவுக்கு. “இதோ இருக்காரு” என்றாள். இன்னும் இரண்டு வாரம் கழித்து அந்த வட்டத்துக்குள் ஒன்று படபடவென்று துடித்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐயா மறுபக்கம் திரும்பிக்கொண்டு கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்றார். அவர் கண்ணில் ஏற்கெனவே புரை விழுந்திருந்தது, அதனால் நான் நம்பிவிட்டேன்.

பதினொரு மாதம் என்று டொக்டர் சொல்லியிருந்தாள். வயதானவள் என்றால் சில நாட்கள் கூடவும் ஆகலாம். இதை லயத்தில் ஒருவர்கூட நம்பவில்லை. மாடு வளர்க்கிறவர்களுக்கு ஒன்பது மாதம் போய் பத்து நாளுக்கு மேல் கணக்குத் தெரியாது. பத்தாம் மாதம் முடிந்ததும் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் கேள்வி தாங்க முடியவில்லை.

“என்னக்கா, உங்க கிழவி வயித்துல காத்தா புல்லா?”

“உன்னப் பெத்தவகிட்டப் போய் கேளு, காத்தா புல்லான்னு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வருவேன். வாயால் கொடுத்தேனே தவிர, உள்ளுக்குள் பயம். ஒவ்வொரு நாள் விடியற்காலையும் லாயத்துக்குப் போனதும் அவள் விலாவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பேன். உள்ளேயிருந்து ஒரு உதை வந்தால்தான் எனக்குத் தேத்தண்ணி இறங்கும்.

பதினோராம் மாதம் முடிகிற நேரத்தில் ஐயா கண் ஆபரேசனுக்குக் கொழும்புக்குப் போனார். “மூணு நாள்ல வந்துருவேன். அது வரைக்கும் பிடிச்சு வையி” என்றார். பிடித்து வைப்பதற்கு அதென்ன பஸ்ஸா?

அவர் போன மறுநாள் மத்தியானம் காற்று கிளம்பியது. எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லி விளங்காது. லாயத்துக் கூரையில் பாதித் தகரத்தைப் பிய்த்துக்கொண்டுபோய் லீக்ஸ் தோட்டத்தில் போட்டது. மட்டக் குதிரைகளை மற்றப் பாதியில் ஒதுக்கியதோடு இடம் தீர்ந்துவிட்டது. பெரியவள் திறந்த வெளியில் நனைந்துகொண்டு நின்றாள். மடி கல் மாதிரி இறுகியிருந்தது. காம்பு நுனியில் மெழுகு போல ஒன்று கட்டியிருந்தது, நாள் நெருங்கிவிட்டது என்பதற்கு டொக்டர் சொன்ன அடையாளம். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஐயாவுக்குப் போன் போட்டேன்.

“ஐயா, மழைங்க! இவள லயத்துக்குக் கொண்டு போகட்டுங்களா?”

போனில் ஒரே இரைச்சல். “மழையில ஏன் வெளிய நிப்பாட்டி வச்சிருக்க? கொண்டு போ, கொண்டு போ! அதையும் கேக்கணுமா?”

இவ்வளவு சுலபமாகச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. நல்ல மனுஷன் என்று மனதுக்குள் கும்பிட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்து, அடி அடியாக இரண்டு மைல் நடத்திக்கொண்டு வந்தேன்.

லயத்துக் காம்பரா என்பது ஒற்றை அறை, அதற்குள் குதிரை நுழையாது. ஆனால் எங்கள் லயத்தோடு ஒட்டினாற்போலப் பழைய பிள்ளை மடுவம் இருக்கிறது. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற கூடம். புதிய மடுவம் ரோட்டோரம் வந்த பிறகு இது சும்மா கிடந்தது. நல்ல கூரை, அகலமான கதவு. காய்ந்த மானாப் புல்லைப் பரப்பிக்கொண்டிருந்தபோது தோட்டத்துக் கணக்கப்பிள்ளை குடையோடு வந்து நின்றார்.

“யாரக் கேட்டுக் குதிரையக் கட்டுன? இது பிள்ளை மடுவம் தெரியுமா? இதுல பிள்ளதான் வைக்கலாம்.”

“பிள்ளதாங்க வச்சிருக்கேன். இன்னும் வயித்துக்குள்ள இருக்கு, அவ்வளவுதான்.”

கணக்கப்பிள்ளை குடையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

கரண்ட் இரண்டு நாளாக இல்லை. என் போன் செத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் வீட்டுக்காரர் அங்கே சார்ஜ் போட்டு எடுத்து வந்து கொடுத்தார். ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்குக் கூப்பிடுகிற நேரம். பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். குதிரைகள் பெரும்பாலும் இருட்டில்தான் குட்டி போடும் என்று சொல்வார்கள். இவள் ஊரே கூடட்டும் என்று காத்திருந்தாள் போல. படுத்தாள், எழுந்தாள், சுற்றினாள், மறுபடி படுத்தாள். குடம் உடைந்தாற்போல் தண்ணீர் வந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

“எங்க என் குதிர?” ஐயா கத்தினார்.

“லயத்துலங்க ஐயா.”

“லாயத்துலதான் நிக்கிறேன்! கூர இல்ல, குதிர இல்ல!”

“லாயத்துல இல்லீங்க, லயத்துல!”

“அதத்தான் சொல்றேன், லாயத்துல இல்ல!”

“ஐயா, எங்க லயம்! நான் குடியிருக்கிற லயம்! வலி வந்துருச்சுங்க, டொக்டரக் கூட்டிட்டு ஓடி வாங்க!” என்று கத்திவிட்டுப் போனை வீட்டுக்காரர் கையில் திணித்தேன்.

டொக்டர் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான் அப்போது தலையில் இருந்தது. முதலில் வெள்ளைச் சவ்வு வந்தால் பொறுத்திரு, சிவப்பாக வந்தால் உடனே கிழி. முழங்காலிட்டுக் குனிந்தேன். இது தவறினால் குட்டியும் போகும், தாயும் கடற்கரைக்குப் போவாள்.

வெள்ளை. வெள்ளைதான் வந்தது. அதற்குள் ஒரு குளம்பு, கொஞ்சம் பின்தங்கி இன்னொரு குளம்பு, அவற்றின் மேல் ஒரு சின்ன மூக்கு. அப்படி வந்தால் சரியான வரத்து என்று டொக்டர் சொல்லியிருந்தாள். நான் இழுக்கவில்லை. அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு, “முக்கு தாயி, முக்கு” என்றேன். வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும், காத்தா புல்லா என்று கேட்டவளும் சேர்த்து, “முக்கு, முக்கு” என்றார்கள். நாலு முக்கில் முழுக்குட்டியும் புல்லின் மேல் வழுக்கி விழுந்தது. சவ்வை விலக்கி மூக்கைத் துடைத்தேன். ஒரு தும்மல் போட்டது. பெட்டைக் குட்டி, நெற்றியில் அதே வெள்ளை.

கத்தினேனா, அழுதேனா, சிரித்தேனா, தெரியவில்லை. மூன்றையும் செய்ததாக என் மகள் சொல்கிறாள்.

பெரட்டுக் களம் வெறிச்சோடிக் கிடந்ததால் கணக்கப்பிள்ளை ஆட்களைத் தேடிக்கொண்டு திட்டியபடியே வந்தார். வாசலில் எட்டிப் பார்த்தார். குட்டி எழுந்து நிற்கப் பார்த்து விழுவதை மூன்று தடவை பார்த்தார். நாலாவது தடவை அவரே “அப்புடித்தான், அப்புடித்தான், கால ஊனு” என்றார். பிறகு தன்னை நினைத்துக்கொண்டு தொண்டையைச் செருமி, “சரி சரி, மலைக்குப் போங்க. இன்னிக்கு இந்தக் குதிரைக்குத்தான் முழுப் பேரு” என்றார். எங்கள் ஊரில் ஒரு நாள் வேலையை முழுதாகச் செய்தவர்களுக்குத்தான் முழுப் பேர் போடுவார்கள். நான் மலையில் வேலை செய்த காலத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு நல்ல வார்த்தை வந்து கேட்டதில்லை.

ஐயாவும் டொக்டர் நோனாவும் ஜீப்பில் வந்து சேர்ந்தபோது குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. ஐயா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். டொக்டர் தாயையும் குட்டியையும் பார்த்து, விழுந்த நஞ்சுக்கொடியை விரித்து முழுதாக இருக்கிறதா என்றும் பார்த்து, “எல்லாம் சரி” என்றாள். இன்னும் சில நாளில் மறுபடி பருவத்துக்கு வருவாள், இன்னொரு முயற்சி செய்யலாம் என்றும் சொன்னாள். ஐயா என் பக்கம் திரும்பினார்.

“என்ன புள்ள, பாப்பமா? வயசு போகலன்னு நீதான சொன்ன?”

“வயசு போகலைங்க. ஆனா செய்ய வேண்டியத செஞ்சிட்டா. இனி பென்சன் குடுங்க.”

“குடுத்துட்டேன்” என்றார். “கடற்கரைக்காரனுக்கு வர்ற வழியிலயே போன்ல சொல்லிட்டேன். இவ எங்கயும் போகல.”

குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவளும் பழக்கப்படி என் தோளில் தாடையை வைத்தாள். இந்தத் தடவை பாரமே தெரியவில்லை.

ஐயா ஜீப்பிலிருந்து தன் குதிரைப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். அவர் வைத்திருந்த எல்லாக் குதிரைகளின் பிறப்பும் அதில் இருக்கிறது. கண்ணில் மருந்து போட்டிருந்ததால் எழுத முடியவில்லை. “நீயே எழுது. தமிழ்லயே எழுது” என்று என்னிடம் நீட்டினார். தாயின் நிறம் எழுதினேன், வயது எழுதினேன். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தாக, இருபது என்று எழுதினேன். பிறந்த இடம் என்ற கட்டத்துக்கு வந்தேன்.

“என்ன எழுதுன?” என்று கேட்டார் ஐயா.

“லயம்னு எழுதிருக்கேங்க.”

“என் புத்தகத்துல எல்லாக் குதிரையும் லாயத்துலதான் பொறந்திருக்கு. ஒரு கால் விட்டுட்ட பாரு.”

நான் குட்டியைப் பார்த்தேன். அகட்டி வைத்த கால்களோடு, ஆடிக்கொண்டே, ஆனால் விழாமல் நின்றது.

“அதுக்குத்தான் நாலு கால் இருக்கேங்க ஐயா. எழுத்துல ஒண்ணு கொறஞ்சா என்ன? நான், என் மக, எல்லாரும் கால் இல்லாம இங்கதான பொறந்தோம். நடக்கலையா?”

ஐயா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மருந்து வழிகிறது என்றார். இந்தத் தடவை நான் நம்பவில்லை.

“சரி” என்றார். “அப்படியே இருக்கட்டும்.”